லாட்ஜின் சகோதரத்துவம் யாருக்கு?

பலமனேர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்திற்குப் பெயர் தந்த ஆர்க்காட்டின் நவாப் முகமது அலியின் மகன் உம்தத்துல் உமரா, 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசன் ஆனார். நட்பும் நல்லொழுக்கமும் வளர்த்த லாட்ஜில் இனபேதமே இல்லை என்போர் முதலில் காட்டும் சான்று இவர்தாம். 1801இல் அவர் இறந்தபின் நடந்ததை மட்டும் ஏனோ அவர்கள் சொல்வதில்லை. திப்புவோடு இரகசியத் தொடர்பு என்று பழி சுமத்தி, நிபந்தனைக்கு இணங்காத மகன் அலி ஹுசைனை ஒதுக்கிவிட்டுக் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. தந்தை முகமது அலிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர்களும் கம்பெனி ஊழியரே. நவாப் மகனுக்கு எளிதாகத் திறந்த கதவு, கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத்துக்கோ பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1872இல்தான் திறந்தது. உறுப்பினர் பெயரை மட்டும் எண்ணும் ஆய்வுக்கு இந்தக் காத்திருப்பு தென்படாது.