கூரைய வெட்டாதீங்க மாப்ளைகளா!

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தவனை இன்னிக்கு எழுத வச்சது என் அக்கா மகன். புண்ணியவான், நல்லா இருக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்க அப்பா ஓட்டின பழைய மகிந்திரா பிக்கப் ஒண்ணு லோயர் கேம்ப்ல வீட்டுப் பக்கத்துல வேப்பமரத்தடியில நிக்குது. 1984-ல வாங்கினது. அப்பாவுக்கு அப்புறம் ஆர்.சி. புக் என் பேர்ல இருக்கு. போன வாரம் மாப்ள போன்ல ஒரு படம் அனுப்பினான். அதே பிக்கப், ஆனா கேபினுக்குக் கூரை இல்ல. கண்ணாடிக்கு மேல எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, மடிச்சுப் பின்னாடி தள்ளுற மாதிரி கருப்புப் படுதா போட்டு கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம். கீழ ஒரு வரி: "மாமா, செமையா இருக்குல்ல? பட்டறையில பேசிட்டேன். நீங்க சரின்னு சொன்னா போதும்."

பொய் சொல்லக் கூடாது, படம் அழகாத்தான் இருந்துச்சு. அதான் பிரச்சினையே.

நான் முடியாதுன்னுட்டேன். அவன் கோவிச்சுக்கிட்டான். குடும்பச் சண்டையை ஏன்யா இங்க கொண்டு வர்றேன்னு கேக்காதீங்க. பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் வெட்டி 'ஓப்பன்' ஆக்கின படத்தை எவன் போட்டாலும், "சூப்பரு", "கலக்கல் தல"ன்னு கை தட்டுறது நாமதான். நானும் தட்டியிருக்கேன். எனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கம்பம் பள்ளத்தாக்கு முடிஞ்சு மலை ஆரம்பிக்கிற இடம் லோயர் கேம்ப். பெரியாறு தண்ணி நாலு ராட்சசக் குழாய்ல மலையில இருந்து இறங்கி, 1958-ல இருந்து இங்க கரண்ட் ஆகுது. 2013-ல திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் இங்கதான் இருக்கு. இங்க இருந்து குமுளிக்கு ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஜீப்பு இல்லாம இந்த ஊரை நினைச்சுப் பார்க்க முடியாது. சித்ரா பௌர்ணமிக்குக் குமுளியில இருந்து கண்ணகி கோயிலுக்கு ஏறுறதும் ஜீப்புதான்.

இப்ப அப்பா கதை. தொண்ணூறுகள்ல ஒரு ஆடி மாசம். குமுளியில காய்கறி இறக்கிட்டு வெறும் வண்டியோட இறங்கிட்டு இருந்தார். நல்ல மழை. ஒரு வளைவுல வண்டி வழுக்குச்சு. பள்ளத்துப் பக்கம் போகல, பாறைப் பக்கம் போய் மேட்டுல ஏறி அப்படியே தலைகுப்புறக் கவுந்துருச்சு. டிரைவர் பக்கத்துக் கூரை ஒரு சாண் அளவுக்கு உள்ள போயிருச்சு. ஆனா தூண் நின்னுச்சு. அப்பா தோள்பட்டை எலும்பு முறிஞ்சு, கதவு வழியா ஊர்ந்து வெளிய வந்தார். அம்மா வீரபாண்டி கௌமாரியம்மன் காப்பாத்துச்சுன்னு சொல்லுவாங்க. நான் கூரைதான் காப்பாத்துச்சும்பேன். அப்பா, "ரெண்டு பேரும்தான்டா"ம்பார். அந்த டொக்கு இன்னும் கூரையில அப்படியே இருக்கு. அப்பா எடுக்க விடல.

மாப்ள வெட்டச் சொல்றது அந்தக் கூரையைத்தான்.

சரி, செண்டிமெண்ட்டை ஓரமா வைப்போம். அவன் வச்ச வாதங்களுக்கு ஒண்ணொண்ணா வர்றேன்.

"மாமா, இது காரு இல்ல. சேஸிஸ் மேல உக்கார்ற வண்டி. கூரைய எடுத்தா ஒண்ணும் ஆகாது." பாதி உண்மை. இப்ப வர்ற பெரும்பாலான கார்ல கூடுதான் எலும்புக்கூடு. கூரைய வெட்டினா நடுவுல தொய்ஞ்சு போகும். பிக்கப்புக்கு அடியில தனியா சேஸிஸ் இருக்கு, அதனால ரெண்டா மடியாது. ஆனா மேல இருக்கிற கேபின் ஒரு பெட்டி. பெட்டிக்கு மூடியை வெட்டிட்டு நாலு பக்கமும் விறைப்பா நில்லுன்னா எப்படி நிக்கும்? முன் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னாடி பிடிப்பு இல்லாமப் போகும். மேடு பள்ளத்துல சட்டம் ஆடும், கண்ணாடி விரியும். கதவு சரியா சாத்தாது. வெட்டின விளிம்புல முதல் மழைக்கே துரு பிடிக்கும். இதெல்லாம் வண்டி ஒழுங்கா ஓடும்போது. கவுந்தா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன்.

"அதுக்குத்தான் ரோல் பார் போடுறோமே!" எதுல போடுறீங்க? பட்டறையில எனக்குக் காட்டின பைப்பு, வீட்டு மாடிப்படி கைப்பிடிக்குப் போடுற அதே எஸ்.எஸ். பைப்பு. பளபளன்னு இருக்கும். அதைத் தரைத் தகட்டுல நாலு டாக் வெல்டு வச்சு நிறுத்துவாங்க. வண்டி கவுந்தா அந்தத் தகடு கிழிஞ்சுக்கிட்டு வரும், பைப்பு மண்டை மேல மடங்கும். படுதாவைத் தாங்குற வளைவுக் கம்பிக்கும் வண்டியைத் தாங்குற கம்பிக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் பாதிப் பேர் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கோம்.

"ஜீப்பெல்லாம் படுதாவோடதானே வந்துச்சு?" இது நியாயமான கேள்வி. வில்லிஸ் ஜீப்பை 1940-களோட கடைசியில பாகம் பாகமா இறக்கி, பம்பாயில கோத்து விக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்தே மகிந்திரா ஜீப்புக்குப் படுதாதான் கூரை. அந்தக் கூட்டை அப்படியே திறந்த தொட்டியாத்தான் வடிச்சாங்க. கண்ணாடிச் சட்டத்தை முன்னாடி மடக்கிப் போடலாம். கூரை இல்லாமலே விறைப்பா நிக்கிற மாதிரி பக்கத்துத் தகடுகளை மடிச்சாங்க. கூரையோட பிறந்த பிக்கப் கேபின் அந்த ஜாதி இல்ல. அந்தப் படுதா ஜீப்பு கவுந்தாலும் உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்தாதுங்கிறது வேற விஷயம். அதுக்குக் கீழ வர்றேன்.

அமெரிக்காவுல பிக்கப்பையே கன்வர்டிபிளா வித்த கதை ஒண்ணு உண்டு. 1989-ல டாட்ஜ் கம்பெனி 'டகோட்டா'ன்னு ஒரு பிக்கப்பைத் துணிக் கூரையோட இறக்குச்சு. கூரை மாத்துறதையே தொழிலா வச்சிருந்த இன்னொரு கம்பெனிகிட்டக் கொடுத்து, சீட்டுக்குப் பின்னாடி ரோல் பார் வச்சுத்தான் வித்தாங்க. முதல் வருஷம் விற்பனை மூவாயிரத்தைத் தொடல. 1991-ல விரல் விட்டு எண்ணிடலாம், அதோட மூட்டை கட்டிட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே ரோல் பார் இல்லாமக் கூரைய எடுக்கத் துணியல. நம்மாளு கிரைண்டரைத் தூக்கிட்டு ஒரே மத்தியானத்துல எடுத்துடுறான்.

"வண்டி நம்ம சொத்து, மாமா. யார் கேக்குறது?" சட்டம் கேக்குது மாப்ள. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிச்ச கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கும் வேறுபாடு வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதை உடைச்சுச் சொல்லிருச்சு. கூட்டை மாத்தலாம்னு கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை ரத்து பண்ணிருச்சு. பெயிண்டு மாத்தலாம். அனுமதி வாங்கி அதே ரக எஞ்சின் மாத்தலாம், கேஸ் கிட் போடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி மாத்த வழி இருக்கு. ஸ்டைலுக்காகக் கூரைய வெட்ட வழி இல்ல. அதே 2019-ல வந்த திருத்தத்துல, இப்படி மாத்துற ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், இல்ல ரெண்டும். ஓனர் யாரு? ஆர்.சி.யில பேர் இருக்கிற மாமா! படத்துக்குப் போஸ் கொடுக்கிறது மாப்ள, கம்பி எண்ணுறது நானு. நல்ல கதையா இருக்கே :-)

"பட்டறைக்காரர் எல்லாம் பாத்துக்குவார்"ங்கிறான். பட்டறைக்காரண்ணன் நல்ல மனுஷன். அவர் பொழப்பை நான் குறை சொல்லல. ஆனா பாஸ் பண்ணித் தர்றேன்னு சொல்ற வாய், விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ்காரங்க "ஆர்.சி.யில மூடின கேபின்னு இருக்கு, வண்டியில கூரையே இல்லையே"ன்னு கேக்கும்போது கூட வந்து நிக்காது.

அழகைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். "பழசைப் புதுசாக்குறோம்"னு சொல்றீங்க. 2021-ல மத்திய அரசு 50 வருஷம் தாண்டின பழைய கார், ஜீப், ரெண்டு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்'னு தனியாப் பதிவு பண்ண விதி கொண்டு வந்துச்சு. சரக்கு பிக்கப் அதுல வராது. ஆனா அந்த விதியோட அளவுகோலைக் கவனிங்க. வண்டி ஆரம்ப உருவத்துலயே இருக்கணும், சேஸிஸ், கூடு, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. பழைய ஜீப்பைக் கண்டபடி வெட்டி ஒட்டுறவர் அந்தக் கதவைத் தானே சாத்திக்கிறார். வெட்டின இரும்பு திரும்ப வளராதுங்க.

இனி நிஜமாவே என்னை உறுத்துற விஷயத்துக்கு வர்றேன்.

காலையில வெள்ளென எந்திரிச்சு லோயர் கேம்ப் ரோட்டுல நின்னு பாருங்க. கம்பம், கூடலூர்ப் பக்கம் இருந்து டிரிப் ஜீப்பு வரிசையா ஏறும். உள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற அக்காமாரும் அத்தைமாரும். மடியில தூக்குச்சட்டி, தலையில துண்டு. நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க. தலைக்கு மேல ஒரு படுதா, அவ்வளவுதான். மழைச் சாரல் பக்கவாட்டுல அடிக்கும். பின் படுதாவைத் தூக்கிவிட்டா சைலன்சர் புகை சுழண்டு உள்ளயே வரும், இறக்கிவிட்டா மூச்சு முட்டும். சாயந்தரம் அதே ஜீப்புல திரும்பணும். வருஷத்துக்கு ஒரு நாள் இல்ல, தினமும்.

2023 ஆகஸ்ட் 25-ம் தேதி வயநாடு மானந்தவாடி பக்கத்துல, வேலை முடிஞ்சு திரும்பின தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளோட ஜீப்பு பள்ளத்துல விழுந்துச்சு. ஒன்பது பேர் இறந்தாங்க. ஒன்பது பேரும் பெண்கள். மலையில ஜீப்பு உருண்டா என்ன ஆகும்கிறதுக்கு இதுக்கு மேல நான் விளக்கம் எழுதணுமா?

அந்த அக்காமார்ல யாராவது ஒருத்தர்கிட்ட, "உங்களுக்கு இரும்புக் கூரை போட்ட வண்டி வேணுமா, படுதா வேணுமா"ன்னு கேட்டுப் பாருங்க. நம்மளைப் பைத்தியம்னு நினைப்பாங்க. அவங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இதுவரை யாரும் இல்ல. நாம என்னடான்னா, உயிரைக் காப்பாத்தின இரும்புக் கூரை சும்மா கிடைச்சிருக்கு, அதைக் காசு கொடுத்து வெட்டிட்டு "ஃப்ரீடம்"னு ஸ்டேட்டஸ் போடுறோம். ஒருத்தருக்கு வேற வழியில்லாத படுதா இன்னொருத்தருக்கு ஃபேஷன். எனக்கு இது கொஞ்சம் அசிங்கமா இருக்கு. உங்களுக்கு இல்லையா?

"அப்ப டிரிப் ஜீப்பைப் பிடிக்காம எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க"ன்னு மாப்ள கேட்டான். சரியான கேள்வி. அங்க ஒழுங்கா பஸ் விடணும், கணக்குக்கு மேல ஆள் ஏத்தக் கூடாதுன்னு சேர்ந்து கத்துவோம், வா. நானும் வர்றேன். ஆனா அந்தத் தப்பைக் காட்டி இந்தத் தப்புக்கு லைசென்ஸ் வாங்காதே.

காத்து வாங்கணும்னு ஆசையா இருந்தா, படுதாவோட பிறந்த பழைய ஜீப்பை, ஆர்.சி.யிலயும் அப்படியே இருக்கிறதா பார்த்து வாங்குங்க. இல்ல, கம்பெனியே ரோல் கேஜ் வச்சு 2020-ல இறக்கின துணிக்கூரைத் தார் கையில் மாறி வந்தா வாங்குங்க. அதுல உக்காந்து குமுளி ஏறினா நானும் கை தட்டுவேன், பின் சீட்டுல இடமும் கேப்பேன்.

மாப்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: துருவைச் சுரண்டு, அடித்தளத் தகடு மாத்து, கண்ணாடிக்குப் புது பீடிங் போடு, எந்த கலர் வேணுமோ அடிச்சுக்கோ, முறைப்படி ஆர்.சி.யில ஏத்திக்கலாம். செலவுல பாதி என்னோடது.

ரெண்டு நாள் பதில் இல்ல. இன்னிக்குக் காலையில ஒரு மெசேஜ். "சரி மாமா. கூரையில இருக்கிற டொக்கையாவது எடுத்துரலாமா?"

அதையும் தொடாதேன்னுட்டேன்.

டிஸ்கி: ஏற்கனவே வெட்டிட்டவங்க என்னைத் திட்ட வருவீங்கன்னு தெரியும். வாங்க, பேசலாம். பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு. அதுக்குக் கூரை கிடையாது :-)