இனிப்பு வேட்கையும் விருந்தோம்பலும்

உடலின் பருமனைக் குறைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் நம் கலாசாலையில் மாணாக்கர், ஆசிரியர் என்னும் வேறுபாடின்றிப் பலரிடத்தும் காணப்படுகின்றது. சோற்றைக் குறைத்தோர் உளர். எண்ணெய்ப் பலகாரங்களை விலக்கினோர் உளர். வைகறையில் எழுந்து மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் நடப்போர் உளர். இவருட் பலர் எல்லாப் பத்தியங்களையும் காத்து, மாலை நான்கு மணிக்கு மட்டும் தோல்வியுறுகின்றனர். ஒரு துண்டு மைசூர்பாகோ, நிறையச் சர்க்கரையிட்ட ஒரு டம்ளர் காபியோ அவர்தம் உறுதியைக் குலைத்துவிடுகின்றது. “எமக்கு மனத்திண்மை இல்லை” என்று தம்மைத் தாமே இகழ்ந்துகொண்டு, மறுநாள் அவர்கள் பத்தியத்தையே கைவிடுகின்றனர்.

இவ்விகழ்ச்சி தகாதது என்பதே எம் கருத்து. இனிப்பு வேட்கை ஒருவருடைய ஒழுக்கக் குறையன்று. ஊரார் அனைவரும் சேர்ந்து வளர்த்த பழக்கம். ஆதலின் அதனை வெல்வதிலும் ஊராருக்குப் பங்குண்டு. இதனை ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இனிப்பை விரும்பாத நா இல்லை. தாய்ப்பாலே இனிப்புடையதன்றோ? ஆயினும் நம் முன்னோர்க்கு இனிப்பு நாட்பொருளாக இருந்ததில்லை. அது நல்ல நாட்களுக்கு உரிய பொருளாகவே இருந்தது. வெல்லமும் கருப்பட்டியும் வீட்டில் அளவோடு செலவாயின. வெள்ளைச் சர்க்கரையைச் சென்னையிற் பழைய தலைமுறையினர் ‘அஸ்கா’ என்று வழங்கினர். முன்னாளிற் சென்னை இராசதானியைச் சேர்ந்திருந்து, 1936-ஆம் ஆண்டில் ஒரிசாவோடு சேர்ந்த கஞ்சம் ஜில்லாவில் அஸ்கா என்பது ஓர் ஊர். அங்கிருந்த ஆலையின் சரக்கு ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. எங்கோ தொலைவிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ஒரு பண்டம் வழங்கியமையே, அஃது ஒருகாலத்தில் அருமையாக வந்த பொருள் என்பதைக் காட்டும்.

பின்னர் அவ்வருமை நீங்கிற்று. 1912-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரிற் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் அவருக்குப்பின் டி. எஸ். வேங்கடராமனும் அங்கு உண்டாக்கிய கலப்பினக் கரும்புகள் நாடெங்கும் பரவின. உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அவற்றால் விளைந்த நன்மை பெரிது. அதனை யாம் குறை கூறோம். ஆனால் சர்க்கரை மலிந்தபோது அதற்குரிய நாளும் வேளையும் மறைந்து போயின. நா பழைய நாவே. திருநாள் மட்டும் ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கிற்று.

இதனைத் தியாகராய நகரில் வாழும் ஒருவருடைய ஒரு நாளைக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு ஒரு காபி. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஒரு தேநீர். மாலையில் ஒரு காபி. பனகல் பூங்காப் பக்கத்தில் நண்பர் வீட்டிற்குச் சென்றால் அங்கும் ஒன்று. ஆக எட்டுத் தேக்கரண்டி. ஒரு கரண்டி 4 கிராம் எனக் கொண்டால் 32 கிராம் ஆயிற்று. இன்னும் பண்டம் ஒன்றும் உண்ணவில்லை. வெயிலுக்காகப் புட்டியிலடைத்த குளிர்பானம் ஒன்று வாங்கினால், 300 மில்லிலிட்டர் அளவுள்ள பலவற்றுள் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரை, உணவிற் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலிற் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைதல் வேண்டுமென்றும், இருபதில் ஒரு பங்கிற்குக் குறையின் இன்னும் நன்றென்றும் கூறுகின்றது. பின்னையது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம், அஃதாவது ஆறு கரண்டி. நம் நண்பர் விருந்தாளியாகச் சென்று மறுக்கமாட்டாது ஏற்ற காபியிலேயே அவ்வெல்லையைக் கடந்துவிட்டார்.

காலை நடையைப் பெரிதாக நம்புவோர்க்கும் ஒரு கணக்கு உண்டு. நடுத்தர எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நடப்பதாற் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 110 முதல் 130 கலோரி. பூங்காவின் வாயிலை விட்டு வெளிவந்து உண்ணும் ஓர் இனிப்புத் துண்டு அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். நடை நன்றே, ஆயினும் நாவின் கடனைக் கால் தீர்க்கமாட்டாது.

இனி, அவ்வேட்கையின் இயல்பை ஆராய்வோம். அது பசியன்று. பசி எவ்வுணவாலும் தணியும். வேட்கை ஒன்றனையே கேட்கும். அது குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், குறித்தவரோடு கூடியிருக்கும்போது எழுவது. நான்கு மணி அடித்தவுடன் எழும் அவ்வாசை ஐந்து மணிக்கு வகுப்பிலோ விளையாட்டிலோ ஈடுபட்டிருப்பின் தானே அடங்கிவிடுதலைப் பலரும் கண்டிருப்பர். நாள்தோறும் ஒரே வேளையில் ஒன்றைக் கொடுத்துப் பழக்கினால் மறுநாள் அவ்வேளையில் உடல் அதனை எதிர்பார்க்கின்றது. இதில் இழிவு யாதுளது?

இவ்வேட்கையை மிகுவிப்பன இரண்டு. ஒன்று, அளவுகடந்த பட்டினி. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞரைப் பல மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு ஈடாகத் தம் உடலையே ஆராய்ச்சிக்குத் தந்த உறுதியாளர் அவர்கள். அத்தகையோரும் நாளடைவில் உணவையன்றி வேறொன்றையும் நினையாராயினர். சமையல் நூல்களை வாங்கிப் படித்தோரும் அவருள் உளர். அவர்க்கே அந்நிலையாயின், பகலுணவை அறவே விடுத்து மாலையில் இனிப்புக் கடையைக் கடக்க முயலும் மாணாக்கர் தடுமாறுவதில் வியப்பென்னை?

மற்றொன்று, உறக்கமின்மை. 2004-ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில் நலமுள்ள இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தனர். அவர்தம் உடலிற் பசியைத் தூண்டும் சுரப்பு நூற்றுக்கு 28 பங்கு மிகுந்தது. பசியடக்கும் சுரப்பு 18 பங்கு குறைந்தது. இனிப்பு முதலிய பண்டங்களின்மீது விருப்பமும் ஓங்கிற்று. பரீட்சைக் காலத்தில் விடுதி மாணாக்கர் பிஸ்கோத்துப் பொட்டலங்களைத் தேடி அலைவதன் காரணம் இதனால் ஒருவாறு விளங்கும்.

எம் அநுபவத்தையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் வைத்தியர் ஒருவர் எம் இடுப்பின் சுற்றளவை அளந்து முகஞ்சுளித்தார். அன்றே இனிப்பை முற்றும் துறந்தோம். ஒன்பதாம் நாள் ஒரு திருமண வீட்டில் மூன்று லட்டுகளோடு அத்துறவு முடிந்தது. பிறகு வேறுவழி நாடினோம். காபியில் இரண்டு கரண்டியாக இருந்ததை ஒன்றரை ஆக்கினோம். இரண்டு வாரம் கழித்து ஒன்று. பின்னும் இரண்டு வாரம் கழித்து அரை. மாலையில் வீடு திரும்பும்போது இனிப்புக் கடை இருக்கும் தெருவை விடுத்து அடுத்த தெருவால் நடந்தோம். நான்கு மணிக்கு வெறும் வயிற்றோடு இராமல் ஒரு கிண்ணம் சுண்டல் உண்டோம். மூன்றாம் மாதம் ஓர் உறவினர் வீட்டில் முன்போலவே சர்க்கரையிட்ட காபியைப் பருகியபோது அதன் இனிப்பு எமக்குத் திகட்டிற்று. நாவும் கல்வி பயிலும் என்பதை அன்று அறிந்தோம். எடையும் மெல்லக் குறைந்தது. தவறிய நாட்களும் உண்டு. ஆனால் தவறிய நாளுக்காக மறுநாளை இழந்தோமில்லை.

இவ்வழியிற் செல்வோர் போலித் துணைகளை நம்பலாகாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ எவ்வளவு கொண்டாலும் தீங்கில்லை என்பார் பலர். வெல்லத்திற் சிறிது தாதுச்சத்து உண்டெனினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. அது தரும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே. பழத்தை முழுதாக உண்பது நன்று; பிழிந்து சாறாக்கிச் சர்க்கரையும் சேர்ப்பது பழத்தின் பயனைப் போக்குவது. செயற்கை இனிப்புப் பொருள்களை எடை குறைக்கும் கருவியாகக் கொள்ளற்க என்று 2023-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நீரிழிவுக்கு மருந்துண்போர் மட்டும் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றுதல் வேண்டும்.

இஃது அழகைக் குறித்த செய்தியாயின் இத்துணை விரித்து எழுதோம். நம் நகரத்திற்கு இதில் நெடுநாட் கவலை உண்டு. 1948-ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மா. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கின்படி, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டோர். சென்னையில் இயங்கும் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் அப்பணியில் முதன்மையாக ஈடுபட்டது.

ஆயினும் அச்சத்தோடு நம்பிக்கையும் உண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் முதலியோர் சென்னையிலிருந்து நடத்தி 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயின் வாயிலில் நின்ற 531 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினர்க்குச் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கவும், நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும் அறிவுரை கூறப்பட்டது. மூன்று ஆண்டுகளில், அறிவுரை பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். பெற்ற பிரிவில் 39 பேரே உற்றனர். இதில் உய்த்துணரத்தக்கது ஒன்று உண்டு: அவர்தம் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆயினும் பயன் விளைந்தது. ஆதலின் எடைப்பொறியின் முள் அசையவில்லையென்று மனம் தளர்வோர் இதனை நினைவிற் கொள்க.

இத்தனையும் தனி மனிதர் செய்யத்தக்கவை. ஊரார் செய்யத்தக்கது யாது? விருந்தோம்பலின் முறையை மாற்றுவதே. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு வீட்டிற்குச் சென்றால், கேளாமலே சர்க்கரையிட்ட காபி வருகின்றது. “சர்க்கரை வேண்டா” என்றால், “உடம்புக்கு என்ன?” என்னும் கேள்வி எழுகின்றது. நோயாளியே இனிப்பை மறுக்கலாம், நலமுள்ளவர் மறுப்பது அவமதிப்பு என்பது நம் வழக்கமாகிவிட்டது. நோய் வாராது காக்க முயல்வோர்க்கு இவ்வழக்கத்தில் இடமே இல்லை. விருந்தினர் விரும்பாததை வற்புறுத்துவது அன்பின் பெயரால் வரும் துன்பமன்றோ?

“இனிப்பை நீக்கினால் மகிழ்ச்சி ஏது?” என்று சிலர் வினவுவர். யாம் நீக்கச் சொல்லவில்லை. அதனைத் திருநாளுக்கே திருப்பித் தரச் சொல்கின்றோம். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மயிலை மாடவீதிகளில் வழங்கும் பானகம், சாந்தோமிற் கிறிஸ்து பிறப்புக் காலத்துக் கேக்கு, திருவல்லிக்கேணியில் நோன்புப் பெருநாளன்று அண்டை வீட்டார்க்கு வரும் சேமியாப் பாயசம் ஆகியவற்றின் சுவை அவை வரும் நாளின் அருமையாலும் ஆவது. நாள்தோறும் இனிப்புண்பார்க்குத் திருநாளின் இனிப்பு சுவையாது.

நம் கலாசாலை இதில் வழிகாட்டலாம். சங்கக் கூட்டங்களிலும் பழைய மாணாக்கர் விழாவிலும் காபியும் தேநீரும் சர்க்கரையின்றி வந்து, சர்க்கரை தனிக்கிண்ணத்தில் வைக்கப்படுக. இனிப்புத் தட்டோடு சுண்டலும் பழமும் வைக்கப்படுக. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளிற் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை நிறுவப் பணித்தது. சிறுவர்க்குக் காட்டத்தக்கதைக் கலாசாலைச் சிற்றுண்டிச் சாலையிலும் காட்டுவதில் தடை யாது? இவற்றுக்குப் பணச்செலவு மிகுதியாக இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்ததைச் செய்வோர்க்கு இடையூறு செய்யாதிருத்தலே நாம் இனிக் கற்க வேண்டுவது. ஆதலின் அன்பர்களே, அடுத்த முறை உங்கள் இல்லத்திற்கு ஒருவர் வரும்போது, காபி கலக்குமுன் “சர்க்கரை எவ்வளவு?” என்று கேளுங்கள். “வேண்டா” என்று அவர் விடையிறுத்தால், காரணம் கேளாது புன்முறுவலோடு அளியுங்கள். பல நாள் தனியே போராடி வருபவர்க்கு அஃதொரு பேருதவியாகும்.