ஓதலுக்கு நடுவே விக்கல்

மாளிகாவத்தையில் எங்கள் வீட்டில் குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்உ இறுவட்டு ஒன்று இருக்கிறது. 37 சூறாக்கள், 37 தடங்கள். ஒரு சூறாவின் எதிரொலி அடங்குமுன்பே ஓதுபவர் அடுத்த பிஸ்மியைத் தொடங்கிவிடுவார். உம்மாவுக்காக அதைக் கடையொன்றில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றினேன். சூறாவுக்குச் சூறா ஒரு விக்கல். ஓரிடத்தில் பிஸ்மியின் முதல் ஒலி முந்தைய கோப்பின் வாலில் போய் ஒட்டியிருந்தது. பாட்டென்றால் பொறுத்திருப்பேன்.

இறுவட்டில் ஒரு நொடி 75 பிரேம்கள். ஒவ்வொன்றிலும் 588 ஒலி மாதிரிகள். தட எல்லை பிரேமின் விளிம்பில்தான் விழும். ஆனால் பல டிரைவ்கள் சில நூறு மாதிரிகள் வரை தள்ளித்தான் வாசிக்கின்றன. எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். எம்பி3 ஆக்கினாலோ ஒவ்வொரு கோப்பின் இரு முனையிலும் மௌனம் சேர்ந்துகொள்ளும்.

கியூரிப்பர் போன்ற இலவச மென்பொருளில் டிரைவின் விலகலைத் திருத்தலாம். முழு வட்டையும் ஒரே ஃப்ளாக் கோப்பாக எடுத்து, எல்லைகளைத் தனிக் கியூ கோப்பில் பதியலாம். காசு வாங்கிப் பிரதியெடுக்கும் கடைகள் இதைச் செய்தே ஆகவேண்டும். நாங்களும் கேட்டு வாங்கவேண்டும், வட்டுகள் கீறிப்போகுமுன்.