இஸ்திரி பெட்டியும் ஊட்டி ரூமும்

காந்திபுரம் நூறடி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, தள்ளுவண்டி வெச்சு இஸ்திரி போடற அண்ணன் ஒருத்தர் இருக்காருங்க. பெட்டிக்குள்ள தேங்காத் தொட்டிக் கரி. சூடு குறைஞ்சா பெட்டியை ஒரு ஆட்டு ஆட்டுவார், சாம்பல் உதிரும். அப்புறம் விசிறி. கரி செவசெவன்னு ஆயிடும். போதும்னா மூடியைச் சாத்திடுவார். இஞ்சினியரிங்ல நாலு வருஷம் படிச்சும் இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் காட்டலை :-)

கரி எரியற வேகம் கரியோட தரத்துல மட்டும் இல்ல. சூடு கம்மின்னா வினையே மெதுவாத்தான் நடக்கும். நல்லா கனிஞ்சுட்டா, காத்துல இருக்கற ஆக்சிஜன் கரிமேல வந்து சேர்ற வேகம்தான் கணக்கு. சாம்பல் போர்த்தியிருந்தா அதுக்கும் தடை. துண்டு சின்னதானா வேகம் கூடும். மேட்டூர் அனல்மின் நிலையத்துல நிலக்கரியை மாவா அரைச்சு ஊதறாங்களே, அது இதுக்குத்தான்.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ரூமுக்குள்ள கரியடுப்பு வெச்சுத் தூங்கினவங்க செத்துப்போன செய்தி அப்பப்ப வருது. 'மூச்சுத்திணறி பலி'ன்னு தலைப்பு போடறாங்க. எனக்கு இந்தத் தலைப்பு மேலதான் கோபம். படிக்கறவன் என்ன நினைப்பான்? புகை வந்தா இருமிட்டு எந்திரிச்சுடலாம்னு நினைப்பான். கரியில புகையே வராதுங்க. விறகுல புகையா வர்ற சமாச்சாரமெல்லாம் கரி ஆகறப்பவே போயாச்சு. வர்றது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்ல, வாசமும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும்.

கரிமேல உண்டாகற இந்த வாயு, சூடும் காத்தும் போதுமான அளவு இருந்தா அங்கயே நீலமா எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா மாறிடும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தின ரூம்ல, சாம்பல் மூடின கங்குல அது நடக்காது. அப்படியே வெளிய வரும். 'அடுப்பு அணையப் போகுது, இனி பயமில்லை'ன்னு படுக்கற நேரம்தான் ஆபத்தான நேரம்.

கேம்ப் ஃபயர், பார்பிக்யூன்னு காசு வாங்கற விடுதிக்காரங்க, 'அடுப்பை ரூமுக்குள்ள கொண்டுபோகாதீங்க'ன்னு கதவுல ஒரு தாள் ஒட்டினா என்ன குறைஞ்சுடும்? பத்திரிகைக்காரங்களும் அந்த வாயுவோட பேரைத் தலைப்புலயே போடணும். எங்க அண்ணன் வேலை முடிஞ்சதும் மிச்சக் கங்கை ரோட்டோரம் கொட்டி, தண்ணி ஊத்திட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.