பீடா ஸ்டாலும் பேஸ் கிட்டாரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுபவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. என் பேரன் கல்லூரி விழாவில் பேஸ் கிட்டார் வாசித்த வீடியோவை மூத்த மகள் போட்டிருந்தாள். உடனே ஒருவர், "இவன் வாசிக்கிறது கேட்கவே இல்லையே?" என்றார். இன்னொருவர், "நாலு கம்பிதானே, எப்போ ஆறு கம்பிக்கு பிரமோஷன்?" என்றார். மூன்றாமவர், "பின்னாடி நின்னா யாருக்குத் தெரியும், பாடச் சொல்லுங்க" என்றார். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பேரன் ஒன்றும் பதில் எழுதவில்லை. வீடியோவை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறான். மகளும் எடுத்துவிட்டாள்.

நான் குழுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மூன்று பேரைவிடப் பெரிய தவறைச் செய்தவள் நான்.

2013-இல் என் இளைய மகளின் திருமண வரவேற்பு. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மெல்லிசைக் கச்சேரி வைத்தோம். குழுவை நடத்துபவர் வீட்டுக்கு வந்து கணக்குச் சொன்னார்: பாடுபவர்கள் இரண்டு பேர், கீபோர்டு, தபலா, ரிதம் பேட், லீட் கிட்டார், பேஸ் கிட்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்துவதுபோல அந்தத் தாளைப் பார்த்தேன். "கிட்டார் ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும், இந்த பேஸ் கிட்டாரை எடுத்துருங்க" என்றேன். அவர் மெதுவாக, "அவர் இல்லைன்னா கீழே காலியா இருக்கும்மா" என்றார். நான், "கீழேதானே, நாங்க ஜமுக்காளம் விரிச்சுக்கிறோம்" என்றேன். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். வேறென்ன செய்வார், அட்வான்ஸ் என் கையில் இருந்தது. மிச்சமான பணம் 2,500 ரூபாய். பீடா ஸ்டாலுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். அதில் பேரம் பேசவில்லை.

அன்று கச்சேரியில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு வருடம் அதை நான் சிக்கனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்குப் பேரனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒருவன் டிரம்ஸ், ஒருவன் கீபோர்டு. சித்தி கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பாட்டு ஓடியது. பேரன் திரும்பி, "அம்மாச்சி, பேஸ் எங்கே?" என்றான். எனக்குப் பகீரென்றது. ஜமுக்காள ஜோக்கைச் சொல்லவில்லை. "அன்னைக்கு அவர் வரலை" என்றேன். அறுபத்தைந்து வயதில் பேரனிடம் பொய்.

பையன்கள் மூன்று பேரும் மொட்டை மாடியில் பாய் விரித்து ராத்திரி ஒரு மணி வரை பேசுவார்கள். பால் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் உட்கார்ந்துவிடுவேன். ஜாஸ் என்பார்கள், ஃபங்க் என்பார்கள். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம், புரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது என்பது. கேட்டேன். பையன்கள் பொறுமையாகச் சொன்னார்கள். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன், கேட்டேன்.

முதலில், "கேட்கவே இல்லை" என்றவருக்குப் பதில். பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. மிகக் கீழான கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. செல்போனில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்ப முடியாது. ஆக, கேட்காதது பையனின் குற்றமில்லை. ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால் காது டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது, ஆறு கம்பிக்குப் பிரமோஷன். இது தபலாக்காரரைப் பார்த்து எப்போது வயலினுக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்பது மாதிரி. இது தனி வாத்தியம். அந்தக் காலத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாடு, மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்கவும் செய்யாது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பாட்டின் நடையே மாறிப்போனது.

ஜாஸில் பேஸ்காரரின் வேலை என்ன என்று கேட்டேன். "நடக்கிறது அம்மாச்சி" என்றான் பேரன். நிஜமாகவே அதற்கு வாக்கிங் பேஸ் என்றுதான் பெயர். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம், படி ஏறி இறங்குவதுபோல. அவர் நடந்துகொண்டே இருப்பதால்தான் மற்றவர்கள் பறக்க முடிகிறது. 1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் பாடலைப் போட்டுக் காட்டினான். அதில் பிரதான மெட்டையே வாசிப்பது பேஸ்தான். பால் சேம்பர்ஸ் என்ற இளைஞர். அவர் ஒரு வரி சொல்ல, ஊதுகுழல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார்கள். வகுப்பில் நான் ஒன்று சொல்ல, நீங்களெல்லாம் "ஆமாம் டீச்சர்" என்று இழுப்பீர்களே, அதேதான்.

ஃபங்க் வேறு மாதிரி. அங்கே முதல் தட்டுதான் ராஜா. நம் கச்சேரியில் எங்கே சுற்றினாலும் சமத்துக்கு வந்து சேருவதுபோல, ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவில் எல்லாரையும் அந்த முதல் தட்டில் வந்து விழச் சொல்வார். 1970-இல் அவரிடம் பேஸ் வாசிக்கச் சேர்ந்த பூட்ஸி காலின்ஸுக்கு வயது 18. அந்த வருடம் வந்த அவர்கள் பாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் பழைய தலைமையாசிரியரும் இந்தப் பதிவைப் படிக்கிறார். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த கதை லாரி கிரஹாமுடையது. அவர் அம்மா பியானோ வாசித்துப் பாடுபவர். பையன் கூடவே வாசிப்பான். டிரம்ஸ்காரர் இல்லாமல் போனது. என்ன செய்தான்? கட்டை விரலால் கம்பியை அடித்து டிரம்மின் 'தொம்' சத்தத்தையும், இன்னொரு விரலால் சுண்டி 'டக்' சத்தத்தையும் வரவழைத்தான். இல்லாத ஆளின் வேலையையும் சேர்த்துச் செய்யப் போய்ப் பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் வாசிக்கிற ஸ்லாப் என்ற முறை. ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் எழுந்து போய் இரண்டாம் முறை தேடிப் படிக்க வைத்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரத்தில் பெர்ரி கோர்டி என்பவர் 1959-இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது மோடவுன் இசைத்தட்டு நிறுவனம். ஒரு சாதாரண வீட்டில்தான் ஒலிப்பதிவு. அங்கே பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். ராத்திரி ஜாஸ் கிளப்புகளில் வாசித்துப் பழகிய கை. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசிப்பார். கம்பியைப் புதிதாக மாற்றவே மாட்டார். 'மை கேர்ள்' என்ற பாட்டின் ஆரம்பத்தில் வருகிற அந்தச் சில சுரங்கள் அவருடையவை. மொழி தெரியாத எனக்கே அதைக் கேட்டதும் கால் தட்டுகிறது.

அறுபதுகள் முழுக்க உலகமே ஆடிய அந்தப் பாட்டுகளின் உறையில் அவர் பெயர் கிடையாது. அவருடையது மட்டுமல்ல, அந்த ஸ்டுடியோவில் வாசித்த யாருடைய பெயரும் கிடையாது. பாடியவர் படம், பாடியவர் பெயர், அவ்வளவுதான். 1971-இல் மார்வின் கே தன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில் வாசித்தவர்களின் பெயர்களைப் போட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. அடுத்த வருடம் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். வேலை முன்புபோல் கிடைக்கவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது. 1983-இல் அந்த நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டைப் பெரிய தொலைக்காட்சி விழாவாக எடுத்தார்கள். அவருக்கு மேடையில் இடமில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47.

படித்து முடித்தபோது எனக்கு அந்த 2,500 ரூபாய்தான் ஞாபகம் வந்தது. குழு நடத்துபவர் தாளில் எழுதிக் கொண்டுவந்த பெயர்களில் நான் பேனாவால் அடித்த பெயர் எது? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயரை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான்.

மாப்பிள்ளை ஃபோனில் கேட்டார்: "அத்தை, இதையெல்லாம் எழுதி அவனை ஏத்திவிடாதீங்க. படிப்பு என்னாகும்?" அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஜேமர்சன் கதை ஒன்று. ஜேக்கோ பாஸ்டோரியஸ் என்று இன்னொரு மேதை. தன் பேஸ் கிட்டாரின் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு அதைப் பாட வைத்தவர். மனநோயும் குடியும் சேர்ந்து 1987-இல், 35 வயதில், ஒரு கிளப் வாசலில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். இதை மறைத்துவிட்டுப் பேரனிடம் பேச நான் தயாரில்லை. டிகிரியை முடி என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஆனால் மாப்பிள்ளை, கரோல் கே என்ற அம்மாவும் இருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜாஸ் கிட்டார் வாசித்துப் பிள்ளைகளையும் தாயாரையும் காப்பாற்றியவர். 1963-இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை. இவரை வாசிக்கச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தவர்தான். சுமார் 10,000 ஒலிப்பதிவுகளில் வாசித்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். பாடப் புத்தகங்கள் எழுதினார், வகுப்பெடுத்தார். 2025-இல் அவருக்கு 90 வயது. ராக் இசையில் மிகப் பெரிய கௌரவம் ஒன்றை அறிவித்தார்கள். ஸ்டுடியோக் கலைஞர்கள் செய்த வேலையை அது காட்டவில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். குடும்பம் நடத்த முடியாத தொழில் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

நம் பக்கமே வருவோம். இளையராஜா பாட்டுகளில் அந்த பேஸ் எப்படி ஓடும் என்று பையன்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். எத்தனை ஆயிரம் முறை அவற்றைக் கேட்டுக்கொண்டே சமைத்திருப்பேன்! அவர் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பது இந்தப் பொங்கலுக்குத்தான் எனக்குத் தெரியும். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். பாடியவர் யார், எழுதியவர் யார் என்று வினாடி வினா நடத்திய டீச்சருக்குத் தெரியவில்லை. கேசட் உறையைப் புரட்டிப் பார்த்தால் பாடியவர் வரை போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே விலை.

எனவே என் கருத்து இதுதான், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. வீட்டு விசேஷத்துக்குக் கச்சேரி வைக்கிறவர்கள் குழு கேட்கிற ஆளைக் குறைக்காதீர்கள். பணம் போதவில்லையென்றால் ஒரு ஸ்டாலைக் குறையுங்கள். ஐஸ்கிரீம் இல்லாமல் போனதால் எந்தத் திருமணமும் நின்றதில்லை. பாடுபவர் பெயரைச் சொல்லும்போது வாசிப்பவர்கள் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள், அரை நிமிடம்தான் ஆகும். பையனோ பெண்ணோ பின்னால் நின்று ஒன்றை விரும்பிச் செய்தால், முன்னால் வா என்று இழுக்காதீர்கள். பின்னால் நிற்கத் தெரியாமல் அங்கே நிற்கவில்லை அவர்கள்.

அந்தக் குழு நடத்துபவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். என்னை ஞாபகம் வைத்திருந்தார். ஜமுக்காளத்தையும் ஞாபகம் வைத்திருந்தார். அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த பேஸ்காரர் இப்போது திருப்பூரில் இருக்கிறாராம், கூப்பிட்டால் வந்து வாசிக்கிறாராம். பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆவணியில் என் தம்பி மகளுக்கு வரவேற்பு. ஏழு பேர் வருகிறார்கள், அவரையும் சேர்த்து. என் பேரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறானாம். ஏழு பெயர்களையும் மைக்கில் வாசிக்கப் போவது நான்தான். தம்பி, மைக்கை என்னிடமிருந்து வாங்க முயற்சி செய்யாதே.