ஏழையின் கேள்விக்கும் வெட்டா?

கவுஞ்சியிலோ கிளாவரையிலோ இருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வருகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பதில் கொடுப்பது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய வேலையை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸைப் பிடிக்கிறார். மன்னவனூர், பூம்பாறை தாண்டி கொடைக்கானல் வருகிறார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்துக் கேட்கிறார். "இது இங்கே நடக்காது, திண்டுக்கல்லுக்குப் போ" என்று பதில் வந்தால், அது இன்னும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரே ஒரு கேள்விக்கு விலை இரண்டு நாள் கூலியும் பஸ் சார்ஜும். வெள்ளகவி போன்ற ஊர்க்காரர்களைக் கேட்டால், பஸ் நிற்கிற இடத்துக்கு வரவே தலைமுறை தலைமுறையாக மலைப்பாதையில் கால் கடுக்க நடந்த கதையைச் சொல்வார்கள்.

கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் வருகிறவருக்கு எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று எடுத்துச் சொல்ல சர்க்கார் தகவல் மையம் வைத்திருக்கிறது. வைக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே மலையில் பூண்டும் காரட்டும் விளைவிக்கிறவனுக்கு, காப்பித் தோட்டத்தில் கூடை சுமக்கிறவளுக்கு, காட்டில் தேனெடுக்கும் பளியருக்கு வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

சட்டத்தைப் பார்த்தால் யாரோ இருக்கத்தான் வேண்டும். 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். அதையொட்டி 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9-இல் அமுலுக்கு வந்தது. அதன் 12-வது பிரிவை நமது வாசகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளிகள்: இவர்கள் அனைவருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஆலைத் தொழிலாளி என்று தனியாகவே சட்டம் குறிப்பிடுகிறது! வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாது. சொல்ல ஆள் இல்லை. ஆள் வைக்கப் பணம் இல்லை என்கிறார்கள்.

பணம் இல்லை என்றால் எப்படி இல்லை? அதையும் பார்ப்போம். கிராமத்துக்குச் சென்று ஆலோசனை சொல்லவும், மனு எழுதிக் கொடுக்கவும், வக்கீலிடம் அழைத்துப் போகவும் ஏற்பட்டவர்கள் சட்டத் தன்னார்வத் தொண்டர்கள். மாதச் சம்பளம் கிடையாது. வேலை பார்த்த நாளுக்குச் சிறு தொகை. இந்தத் தொண்டர்களின் எண்ணிக்கை 2019-க்கும் 2024-க்கும் இடையே நாடு முழுவதும் 38 சதவீதம் குறைந்துவிட்டதாக 2025-ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை கூறுகிறது. சட்ட உதவிக்காக நாட்டில் ஆண்டுக்குத் தலைக்குச் செலவாவது ஆறு ரூபாய் சொச்சம் என்பதும் அதே அறிக்கையின் கணக்கு. ஒரு டீயின் விலைகூட இல்லை. அதிலும் சிக்கனம்!

ஸ்தல ஸ்தாபனங்களின் நிலையோ இன்னும் மோசம். பஞ்சாயத்தே ஒரு படித்த வாலிபரை அமர்த்தி ஜனங்களுக்கு ஆலோசனை சொல்லச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக் கமிஷன் மானியத்தின் நிபந்தனைகளைப் படித்தால் விஷயம் விளங்கும். மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மிச்சமிருக்கும் 40 சதவீதத்தைச் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக் கூடாது. சிமெண்டுக்குப் பணம் உண்டு, மனிதனுக்குக் கிடையாது. மன்னவனூர் போன்ற மலைப் பஞ்சாயத்துக்குச் சொந்த வரி வருமானம் எவ்வளவு இருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அந்த மானியமும் எல்லா ஆண்டும் வந்ததா? 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலையே நடத்தாமல் விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை என்று காரணம் காட்டி மத்திய சர்க்கார் மானியத்தை நிறுத்தி வைத்தது. ஒருவர் தேர்தலைத் தள்ளினார், மற்றவர் பணத்தைப் பிடித்தார். அடி விழுந்தது கிராமத்து ஏழையின் முதுகில். பிறகு 2025 ஜனவரி 5-இல் திண்டுக்கல் உட்பட 28 ஜில்லாக்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக் காலம் முடிந்தது. தனி அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள். பஞ்சாயத்துத் தலைவரையாவது டீக்கடையில் மறித்துக் கேள்வி கேட்கலாம். பல பஞ்சாயத்துகளுக்குச் சேர்த்து ஒரே அதிகாரி என்றால் அவரை எங்கே போய் மறிப்பது?

இப்படி வரும் வெட்டுக்கு ஆர்டர் கிடையாது, அறிவிப்பு கிடையாது. சட்டசபையில் மந்திரி எழுந்து "இலவச ஆலோசனையை ரத்து செய்கிறோம்" என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாம் ஊர்வலம் போவோமே! ஒரு மானிய நிபந்தனை, நிரப்பப்படாத ஒரு காலியிடம், பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. இவ்வளவு போதும், சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அழிக்காமல் சட்டத்தையே ஏழையிடமிருந்து பறித்துவிடலாம்.

பறிபோவது என்ன என்பதற்கு பழனி மலையிலேயே சாட்சி இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடியினருக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 2008-இல் ஹைகோர்ட் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது நின்றது. 2016-இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நீக்கிய பிறகே வழி பிறந்தது. இடையில், 2013-இல், கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. மனுவை கிராம சபையில் கொடுக்க வேண்டும். இரண்டு ஆதாரமாவது வேண்டும். ஊர்ப் பெரியவரின் எழுத்து மூலமான வாக்குமூலமும் ஓர் ஆதாரம்தான். பட்டியல் சாதியில் வைக்கப்பட்டு, பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும்படி நெடுங்காலமாகக் கோரி வந்திருக்கும் மலைப்புலையர் என்றால் பாடு இரட்டிப்பு. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டும். மனு மறுக்கப்பட்டால் அப்பீலுக்கு 60 நாள். இதெல்லாம் பளியர் குடியிருப்பில் தானாகவே தெரிந்துவிடுமா?

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2019-இல் நாடே பார்த்தது. பிப்ரவரி 13-இல் சுப்ரீம் கோர்ட், மனு மறுக்கப்பட்டவர்களைக் காட்டை விட்டு வெளியேற்றச் சொல்லி உத்தரவிட்டது. பல மாநிலங்களில் லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைமேல் கத்தி தொங்கியது, தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர். எதிர்ப்பு கிளம்பியதும், மறுப்பு ஆணைகள் உரியவர்களுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டனவா என்பதே சந்தேகம் என்று மத்திய சர்க்காரே கோர்ட்டில் சொல்ல வேண்டியதாயிற்று. பிப்ரவரி 28-இல் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. காகிதம் கைக்கு வந்ததா, வந்ததைப் படித்துச் சொல்ல ஆள் இருந்ததா, 60 நாள் போயிற்றா என்பதில் ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் அடங்கியிருந்தன.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை மறக்க முடியுமா? அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்து 1980-களில் இங்கே ஓட்டினார்கள். பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது அம்பலமானதும், 2001-இல் ஹிந்துஸ்தான் லீவர் ஆலையை மூடியது. தொழிலாளிகள் 2006-இல் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 591 முன்னாள் தொழிலாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது 2016-இல். பதினைந்து ஆண்டு! அவர்களோடு நின்றவை முன்னாள் தொழிலாளர் சங்கமும் சுற்றுச்சூழல் இயக்கங்களும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பாதரசத்தைப் பற்றியும், கேட்டுப் பெற வேண்டிய பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எத்தனை உடம்பு பிழைத்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு இன்று நெருக்கடி இன்னும் முற்றியிருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது மத்திய சர்க்கார். எது மிஞ்சியது, எது போனது என்று வக்கீல்களே தடுமாறுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம்: வேலை நீக்கத்தை எதிர்த்து நேரடியாகத் தாவா கொண்டுபோகப் பழைய சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தந்தது, புதிய தொகுப்பு அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. அவகாசமும் குறைகிறது, அவகாசம் இவ்வளவுதான் என்று எச்சரிப்பவரும் குறைகிறார். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது இந்தியாவின் வியாதி மட்டுமல்ல. பிரிட்டனில் 2012-இல் ஒரு சட்டம் போட்டு, 2013 ஏப்ரல் முதல் கடன், நல உதவித் தொகை, வேலைத் தகராறு போன்ற விவகாரங்களில் பெரும்பாலானவற்றை இலவச சட்ட உதவியிலிருந்து வெளியே தள்ளினார்கள். நகரசபைகளும் ஆலோசனை நிலையங்களுக்குத் தந்த மானியத்தைக் குறைத்தன; பல நிலையங்கள் மூடப்பட்டன. அங்கும் காரணம் "சிக்கனம்"தான்.

டெலிபோன் இருக்கிறதே, 15100 என்ற எண்ணைச் சுழற்றினால் இலவசமாகச் சொல்வார்களே என்று ஆபீசர்கள் பதில் சொல்வார்கள். அந்த எண்ணை எல்லோரும் குறித்து வையுங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் சிக்னல் கிடைக்காத மடுவில் நிற்பவனுக்கு எண் எதற்கு? கையிலிருக்கும் காகிதத்தைப் படிக்கத் தெரியாதவர் டெலிபோனில் என்னவென்று சொல்வார்?

சங்கம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். இருக்கிறது! 1992 ஜூன் 20-இல் தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் நடந்த கொடுமையை வெளியே கொண்டுவந்தது மலைவாழ் மக்கள் சங்கம்தான். சர்க்கார் ஊழியர் 269 பேர் மீது வழக்கு நடந்து, 2011-இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2023-இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. சங்க ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் தோழர் நாளையும் எழுதுவார். ஆனால் அவர் எழுதுவதைச் சாக்காக வைத்து சர்க்கார் தன் கடமையைத் தட்டிக் கழிக்க நாம் விடப்போவதில்லை.

கொடைக்கானல் ஒன்றியத்தின் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது, சந்தை நாளைப் பார்த்து, சம்பளத்துடன் ஓர் ஆலோசகர் உட்கார வேண்டும். சட்டத் தொண்டர்களின் காலியிடங்களை, பளியர், புலையர் வாலிபர்களையும் பெண்களையும் சேர்த்து நிரப்ப வேண்டும். மானியத்தில் ஒரு பங்கை இதற்கென்று செலவிட நிபந்தனையைத் திருத்த வேண்டும். நூற்பாலை வாசல்களில், ஷிப்ட் மாறும் நேரத்தில், சட்ட உதவி முகாம் நடத்த வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு மலைக் கிராமத்துத் தோழர்கள் திரண்டு போக வேண்டும். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக வையுங்கள். "அதிகாரம் இல்லை" என்று அதிகாரி சொன்னால், அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றை முத்திரையுடன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.