ஃபார்மேட் பண்ணும் முன் இருப்பு எடுங்கள்

மாற்றலாகி ஊர் ஊராகப் போகிற குடும்பங்களில், எத்தனை தடவை லாரி ஏற்றினாலும் கழித்துக்கட்ட மனசு வராத ஒரு சாமான் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பொட்டி. 2000-ல் அப்பா வாங்கியது. பென்டியம் 3, 10 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. ரிடையர் ஆன பிறகு அப்பா அதில்தான் தமிழ் தட்டச்சுப் பழகினார். ஊர்க்கதை, உறவுமுறை, எந்தக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது வரை எழுதி வைத்தார். 2011-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். பொட்டி மட்டும் என்னோடு ஹைதராபாத், போபால் சுற்றி இப்போது நாக்பூரில் இருக்கிறது.

போன தீபாவளி லீவில் பையனுக்குக் காட்டலாமே என்று ஆன் செய்தேன். டக், டக் என்று சத்தம். ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால், "ஃபார்மேட் பண்ணி ஒரு மணி நேரத்தில் புதுசாகப் போட்டுத் தருகிறேன் சார்" என்றார். பையனும் "ரீஇன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்ப்பா" என்றான்.

இந்தப் பழக்கத்தைத்தான் நான் தப்பு என்கிறேன். விண்டோஸ் கோப்புகள் கெட்டிருந்தால் ரீஇன்ஸ்டால் வேலை செய்யும். தட்டே தேய்ந்து போயிருந்தால் செய்யாது. டக் டக் சத்தம் என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஹெட் தகவலைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஃபார்மேட் செய்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை போய்விடும். அதன் மேல் விண்டோஸை ஏற்றினால், பழைய கோப்புகள் கிடந்த இடத்திலேயே சில நூறு எம்.பி. புதிதாக எழுதப்படும். அப்புறம் யார் வந்தாலும் மீட்க முடியாது.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள்: பழைய பேரேட்டின் இருப்பை எடுக்காமல் புதுப் பேரேடு திறக்கக் கூடாது. பேங்கில் கணக்குகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும்போதும் அப்படித்தான். இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப் போகும் வரை பழையதில் யாரும் கை வைப்பதில்லை. வீட்டுக் கணினி என்றால் மட்டும் நமக்கு ஏன் இந்த அவசரம்?

நான் கடைசியில் செய்தது இதுதான். டிஸ்க்கைக் கழற்றி, தனி பவர் சப்ளையோடு வருகிற ஐ.டி.இ.-யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லேப்டாப்பில் இணைத்தேன். லினக்ஸில் ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். எதுவரை முடிந்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். அதனால் இடையில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீட்பு வேலை எல்லாம் நகலில்தான், மூலத்தில் இல்லை.

விண்டோஸ் போட்டது அதற்கப்புறம்தான். அதுவும் பழைய டிஸ்க்கில் இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஐ.டி.இ. முறையிலேயே இயங்கக் கூடியது, சின்ன அடாப்டர் போதும். சிடி டிரைவும் தகராறு செய்ததால், சிடியில் இருந்த வின்98 ஃபோல்டரை லேப்டாப்பிலேயே கார்டில் ஏற்றிவிட்டேன். பொட்டியை ஃபிளாப்பியில் பூட் செய்து, கார்டிலிருந்தே செட்டப்பை ஓட்டினேன். விண்டோஸ் 98-க்கு ஆக்டிவேஷன் தொல்லை கிடையாது, பழைய ப்ராடக்ட் கீ இருந்தால் போதும். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே அந்தப் பொட்டியை இணையத்தில் இணைக்காதீர்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸ் 98 காலத்தில் நாம் தட்டியது பெரும்பாலும் யூனிகோட் இல்லை. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு. கோப்பு மட்டும் பிழைத்து ஃபான்ட் போய்விட்டால் திரையில் தெரிவது கிறுக்கல்தான். ஆகவே டாகுமெண்ட்ஸோடு ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள். எந்தக் குறியீடு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு பேசுகிற நானே முதலில் ஒழுங்காக நடக்கவில்லை. முதல் இரண்டு நாள் "இன்னொரு தடவை பார்ப்போமே" என்று பத்துப் பன்னிரண்டு முறை ஆன் செய்தேன். சரியாக அணைக்காத பொட்டி என்பதால் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடி, அந்த நொண்டி டிஸ்க்கில் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தது. சில கோப்புகளை அது துண்டு துண்டாக 'சிஎச்கே' கோப்புகளாக்கிவிட்டது.

"அப்பா எழுதினதெல்லாம் வந்துடுச்சாடா?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள். "கிட்டத்தட்ட வந்துடுச்சும்மா" என்றேன். மொய்க் கணக்கு முழுசாக வந்துவிட்டது. தன் கல்யாணத்தைப் பற்றி அப்பா எழுதியது மட்டும், பெண் பார்க்கப் போன இடத்தில் நின்றுவிட்டது. மிச்சத்தை அம்மாவிடம்தான் கேட்டு எழுத வேண்டும்.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு பொட்டி இருக்கலாம். ஆன் செய்து பார்க்காதீர்கள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுங்கள்.